மொழியியல் படிக்க நினைப்பவர்களுக்கு: எங்கே சேர்வது, என்ன கற்பது, எந்த வேலைக்குப் போவது

"அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" மொழியியலில் சேரப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் வரும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொழியியலை மட்டும் படித்தவருக்கு வேலை குறைவு. மொழியியலோடு இன்னொன்றும் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. அந்த இன்னொன்று கணினி நிரலாக இருக்கலாம், வேறொரு மொழியாக இருக்கலாம், பாடம் நடத்தும் பயிற்சியாக இருக்கலாம். எதுவானாலும் படிக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்; பட்டம் வாங்கிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் தாமதமாகிவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து சேரப் போகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இலங்கையில் இருப்பவர்களுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் களனியிலும் மொழியியல் உண்டு. சேர்க்கை முறை வேறு, மற்றபடி கீழே சொல்வதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

சேரும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை

நிறைய மொழிகள் கற்றுத்தருவார்கள் என்று நினைத்துச் சேர்கிறவர்கள் உண்டு. ஒற்றுப் பிழை, சந்திப் பிழை திருத்தும் படிப்பு என்று நினைத்துச் சேர்கிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் முதல் செமஸ்டரிலேயே முகம் வாடிவிடும். மக்கள் எப்படிப் பேச வேண்டும் என்பது அங்கே பேச்சே இல்லை. எப்படிப் பேசுகிறார்கள், ஏன் அப்படி என்பதுதான் பாடம். உங்களுக்கு ஒத்துவருமா என்று காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம்.

'ரவி வந்துட்டான்', 'ரவி வந்துட்டானாம்' என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைச் சொல்கிறவர் ரவியைப் பார்க்கவில்லை, யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். அந்த வேலையைச் செய்வது 'ஆம்'. இதுவரை யாருக்கும் தெரியும். சரி, 'நான் பொய் சொன்னேனாம்' என்று எப்போது சொல்வோம்? நான் பொய் சொன்னேனா இல்லையா என்பதை இன்னொருவர் சொல்லியா நான் தெரிந்துகொள்ள வேண்டும்? இருந்தாலும் சொல்கிறோம். அடுத்தவர் சொன்னதை ஒப்புக்கொள்ளவில்லை, கொஞ்சம் கடுப்பிலும் இருக்கிறோம் என்று காட்டுவதற்காக. ஆக, 'ஆம்' என்றால் கேள்விப்பட்டது, தன்மையில் வந்தால் மறுப்பு என்று விதி எழுதி வைத்துக்கொள்கிறீர்கள். அப்போது பக்கத்து வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டும் சத்தம் கேட்கிறது: "சமத்தா சாப்பிடுவியாம், அப்புறம் நாம பார்க்குக்குப் போவோமாம்." இங்கே யாரும் யாரிடமும் எதையும் கேள்விப்படவில்லை. மறுப்பும் இல்லை. வெறும் கொஞ்சல். விதி போச்சு.

போன விதியை எடுத்துத் திருத்த உட்காருகிற ஆள் என்றால் தாராளமாகச் சேருங்கள். 'எல்லாருக்கும் புரியுது இல்ல, அப்புறம் என்ன' என்று தோன்றினால் இரண்டு ஆண்டு வீணாக்க வேண்டாம்.

ஒலிக்கும் ஒரு சோதனை இருக்கிறது. கடல், தங்கம், பகல். மூன்றிலும் ஒரே 'க'. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கடலின் முதல் எழுத்தில் தொண்டை அதிராது. தங்கத்தில் அதிரும். பகலில் நாக்கு மேலே ஒட்டுவதே இல்லை, காற்று உரசிக்கொண்டு போகிறது. எந்த இடத்தில் எது வரும் என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, ஆனாலும் தவறுவதில்லை. இப்போது 'கேஸ் தீர்ந்துபோச்சு', 'கேஸ் போட்டுட்டான்' என்ற இரண்டையும் சொல்லுங்கள். எழுத்து ஒன்று, இடமும் ஒன்று, ஒலி வேறு. கடன் வந்த சொற்கள் பழைய ஒழுங்கைக் குலைத்துவிட்டன. இந்த 'கேஸ்' பின்னால் வேலை பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

பள்ளியில் படிக்கிறவர் என்றால் இந்திய அளவில் நடக்கும் பாணினி மொழியியல் ஒலிம்பியாடில் கலந்துகொள்ளலாம். அதில் தேறுபவர்களிலிருந்தே, 2003 முதல் நடந்துவரும் உலக மொழியியல் ஒலிம்பியாடுக்கு அணி தேர்வாகிறது. 2016இல் உலகப் போட்டி மைசூரிலேயே நடந்தது. கேள்விப்பட்டே இராத மொழியில் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களும் அவற்றின் பொருளும் கொடுத்திருப்பார்கள். அதிலிருந்து இலக்கணத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். முன்னறிவு எதுவும் வேண்டாம். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இளங்கலையில் என்ன எடுப்பது

மொழியியலுக்கென்று தனி பி.ஏ. தமிழ்நாட்டில் அரிது. ஏதாவது ஒரு பட்டம் முடித்துவிட்டு எம்.ஏ.வில் சேர்வதுதான் வழக்கம். இது ஒரு விதத்தில் நல்லது. மேலே சொன்ன 'இன்னொன்றை' இளங்கலையிலேயே முடித்துவிடலாம்.

தமிழ் இலக்கியம் படித்து வருகிறவர்களுக்குத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் ஏற்கெனவே தெரியும். எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று அங்கே சொல்லியிருப்பதைத்தான் ஒலியியல் வகுப்பில் வேறு பெயர்களோடு பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்கு இடறுவது ஆங்கிலம். பாடநூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆகவே பி.ஏ. தமிழ் படிக்கும்போதே வாரம் ஒரு ஆங்கிலக் கட்டுரையாவது அகராதியோடு உட்கார்ந்து படித்துப் பழகுங்கள். ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இதற்கு நேர்மாறு: கட்டுரை புரியும், தமிழ் உதாரணம் கேட்டால் விழிப்பார்கள்.

கணினி அறிவியலோ பி.சி.ஏ.வோ படித்தவர்களை மொழியியல் துறைகள் இப்போது வரவேற்கின்றன. வேலைச் சந்தையில் முதலில் எடுபடுவதும் இவர்கள்தான். பிளஸ் டூ முடித்த கையோடு நேராக இந்த வழியில் போக வேண்டுமென்றால் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது: கணினி அறிவியலில் பி.டெக்.கும் கணினி மொழியியலில் ஆய்வு எம்.எஸ்.ஸும் சேர்த்துத் தருகிறார்கள். நுழைவது கடினம், நுழைந்துவிட்டால் கவலை குறைவு.

ஒரு எச்சரிக்கை. கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், எம்.ஏ. தமிழை முதலில் முடித்துவிட்டு மொழியியலுக்கு வாருங்கள். தமிழ்த் துறைப் பணியிடங்களுக்குப் பெரும்பாலும் தமிழில் முதுகலைதான் கேட்பார்கள். எம்.ஏ. மொழியியலை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டினால் திறப்பது அபூர்வம். இதைச் சேர்க்கையின்போது யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

எங்கே சேர்வது

தமிழ்நாட்டில் மூத்த பெயர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் வளர்த்த துறை. 1960களிலேயே உயராய்வு மையமாக ஆனது. இந்தியாவின் பல மொழியியலாளர்கள் அங்கிருந்து வந்தவர்கள். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியலோடு அகராதியியலும் உண்டு. அதன் முதல் துணைவேந்தர் வ.அய்.சுப்பிரமணியமே மொழியியலாளர்தான். பக்கத்தில் திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத் துறையும், அவர் தொடங்கிய திராவிட மொழியியல் கழகமும் இருக்கின்றன.

வெளியே போக முடிந்தால் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், அதே ஊரில் இஃப்லு என்ற ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம், தில்லியில் ஜே.என்.யு.வும் தில்லிப் பல்கலைக்கழகமும், புனேயில் டெக்கான் கல்லூரி. மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சேர முதுகலைக்கான பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். இந்தி தெரியாதே என்று தில்லிக்குப் பயப்பட வேண்டாம், வகுப்பு ஆங்கிலத்தில்தான்.

என்னைக் கேட்டால் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மொழியியல் துறைகள் சிறியவை. இரண்டு பேராசிரியர்கள் ஓய்வுபெற்றால் துறையின் நிறமே மாறிவிடும். துறைக்கு ஒருமுறை நேரில் போங்கள், முடியாவிட்டால் போன் செய்யுங்கள். இப்போது எத்தனை ஆசிரியர்கள் பணியில் இருக்கிறார்கள், ஒலியியல் ஆய்வகத்தில் கருவிகள் ஓடுகின்றனவா, மாணவர்களைக் களப்பணிக்கு அழைத்துப் போகிறார்களா, கணினி மொழியியலுக்குத் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். முக்கியமாக, கடைசி மூன்று ஆண்டுகளில் முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அலுவலகத்தில் மழுப்பினாலும் வராந்தாவில் நிற்கும் இரண்டாம் ஆண்டு மாணவர் சொல்லிவிடுவார். ஆள் சேரவில்லை என்றால் சில இடங்களில் அந்த ஆண்டு வகுப்பே நடக்காது, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு ஆண்டில்

ஒலியியல் (ஒலி எப்படிப் பிறக்கிறது), ஒலியனியல் (எந்த ஒலி வேறுபாடு பொருளை மாற்றுகிறது), உருபனியல் (சொல்லின் உறுப்புகள்), தொடரியல் (வாக்கிய அமைப்பு), பொருண்மையியல் (பொருள்) என்று அடிப்படைத் தாள்கள் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதோடு சமூக மொழியியல், வரலாற்று மொழியியல், திராவிட மொழிகள். இவை தனிக் குடும்பம் என்று எல்லிஸ் 1816இலும் கால்டுவெல் 1856இலும் என்ன சொன்னார்கள் என்பது இந்தக் கடைசித் தாளில் கட்டாயம் வரும். தேர்வுக்கு மனப்பாடம் செய்தே தேறிவிடலாம் என்பதுதான் இந்தப் படிப்பில் பெரிய ஆபத்து. வரையறைகளை ஒப்பித்து முதல் வகுப்பு வாங்கியவரிடம் புதிய தரவைக் கொடுத்தால் கை நடுங்கும்.

இதற்கு மருந்து களப்பணி. தோடர் மொழிக்கும் கோத்தர் மொழிக்கும் மொழியியலாளர் எமனோ 1935 முதல் 1938 வரை நீலகிரியில் செய்த வேலையை இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். தோடர் மொழியில் நாக்கு அதிர்ந்து வரும் 'ர' மட்டும் மூன்று வெவ்வேறு இடங்களில் பிறக்கும். ஒவ்வொன்றுக்கும் நாக்கின் நடுப்பகுதியை உயர்த்திச் சொல்லும் இணை வேறு உண்டு. ஆக ஆறு. நம் காதுக்கு முதலில் ஒன்றும் பிடிபடாது.

ஆனால் உங்கள் முதல் களப்பணிக்கு மலையேற வேண்டாம். உங்கள் பாட்டியின் பேச்சு போதும். அவர் அனுமதியோடு பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், போனை மேசை மேல் வைக்காமல் வாய்க்குக் கொஞ்சம் பக்கத்தில் பிடியுங்கள், எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகச் சேமியுங்கள். பிறகு அதில் ஒரே ஒரு நிமிடத்தை எடுத்து, கேட்டது கேட்டபடி எழுதி, ஒவ்வொரு சொல்லையும் உருபு உருபாகப் பிரித்துப் பொருள் எழுதுங்கள். பழக்கமில்லாதவருக்கு ஒரு நிமிடப் பேச்சே ஒரு மாலைப் பொழுதை விழுங்கிவிடும். 'போயிக்கிட்டிருந்தாரு'வை எங்கே வெட்டுவது, 'ங்' என்று இழுத்தது சொல்லா வெறும் மூச்சா என்று தகராறு வரும். வகுப்பில் வந்த தாள்கள் எல்லாம் எதற்கு என்று அப்போதுதான் விளங்கும்.

ஒலியை அலையாகப் பார்க்க பிராட், பதிவோடு எழுத்தை இணைக்க ஈலான். இரண்டும் இலவச மென்பொருள்கள். துறையில் சொல்லித்தரவில்லை என்றாலும் நீங்களாகவே கற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைத் தேர்ந்தெடுப்பது

இரண்டாம் செமஸ்டர் முடிவதற்குள் முடிவு செய்துவிடுவது நல்லது. இணையவெளி முழுக்க இப்போது பைத்தான் என்ற நிரல்மொழியைப் படி என்கிறார்கள். நானும் அதையே சொல்வேன், ஆனால் காரணத்தோடு. கணினியிடம் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானில் கேளுங்கள். ஐந்து என்று சொல்லும். நமக்கு மூன்று எழுத்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது எண்ணுகிறது. 'கொ' இன்னும் மோசம்: கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் வைக்கலாம், தனித்தனியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். 'கொடி' என்று தேடினால் பாதிக் கொடிகள் கிடைக்காது. இதைச் சரிசெய்யப் பத்து வரி நிரல் போதும். அந்தப் பத்து வரி எழுதத் தெரிந்த, அதே நேரம் உருபனியலும் தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை.

நிரல் ஒத்துவராது என்றால் இன்னொரு மொழியை எடுங்கள். தமிழ், ஆங்கிலத்தோடு தெலுங்கோ கன்னடமோ எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒப்பிலக்கணத்திலும் மொழிபெயர்ப்பிலும் தனித்துத் தெரிவார். ஜப்பானியம், ஜெர்மன் என்று போகிறவர்களுக்கு வேறு சந்தை.

வேலைகள்

கல்லூரி ஆசிரியப் பணிக்கும் ஆய்வுக்கும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. மொழியியல் அதில் தனிப் பாடம். இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்குக் கழிப்பில்லை. இளநிலை ஆய்வு நிதியோடு தேறினால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். முனைவர் பட்டத்துக்கு வீட்டில் கை நீட்ட வேண்டாம். நிரந்தரப் பணியிடம் என்பது வேறு கதை. துறைகளே சில, காலியிடம் அதிலும் சில. இதை மட்டும் நம்பி முப்பத்தைந்து வயது வரை காத்திருக்க வேண்டாம்.

அரசு நிறுவனங்களில் முதலில் பார்க்க வேண்டியது 1969இல் தொடங்கிய மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம். பேச்சும் எழுத்துமாக மொழித் தரவு திரட்டுவது, பத்தாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகளை ஆவணப்படுத்துவது, தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் எனப் பல பிரிவுகள். வேலை பெரும்பாலும் திட்ட அடிப்படையில், ஒப்பந்தமாக வரும். இருந்தாலும் அங்கே ஓராண்டு வேலை செய்தால் கை நன்றாகப் பழகிவிடும். சென்னையில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் இருக்கிறது.

பலருக்குத் தெரியாத ஓர் இடம் கொல்கத்தாவில் உள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழிப் பிரிவு. 2011 கணக்கெடுப்பில் தாய்மொழி என்ன என்ற கேள்விக்கு மக்கள் 19,569 வெவ்வேறு பெயர்களைச் சொன்னார்கள். ஊர்ப் பெயர், சாதிப் பெயர், ஒரே பெயருக்கு நாலு உச்சரிப்பு எல்லாம் அதில் அடக்கம். அதைச் சலித்து 1,369 தாய்மொழிகளாகவும் பிறகு 121 மொழிகளாகவும் ஒழுங்குபடுத்தியது மொழியியல் வேலை. மத்தியத் தேர்வாணைய அறிவிப்புகளை அவ்வப்போது புரட்டுங்கள்.

இப்போது 'கேஸ்'. தமிழை வாசித்துக் காட்டும் பேச்சுமென்பொருளுக்கு 'கேஸ்' என்ற எழுத்தைக் கொடுத்தால் அது சமையல் அடுப்பா, நீதிமன்றமா என்று தானே முடிவு செய்ய வேண்டும். '2011இல்' என்று வந்தால் 'இரண்டாயிரத்துப் பதினொன்றில்' என்று வேற்றுமையோடு சேர்த்து வாசிக்க வேண்டும். உச்சரிப்புப் பட்டியல் தயாரிப்பது, பேச்சுப் பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவது, வாக்கியங்களுக்கு இலக்கணக் குறியிடுவது, இயந்திரம் தந்த மொழிபெயர்ப்பைத் தரம் பார்ப்பது என்று மொழித் தொழில்நுட்பத்தில் இன்று இருக்கும் வேலைகள் இந்த மாதிரியானவை. சென்னை குரோம்பேட்டையில் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையம் தமிழ்க் கணினி மொழியியலில் நீண்ட நாளாக இயங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வகமான ஏ.ஐ.4பாரத், 2022இல் மத்திய அரசு தொடங்கிய மொழித் தொழில்நுட்பத் திட்டமான பாஷினி, அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் எல்லாவற்றுக்கும் இந்திய மொழிகள் தெரிந்தவர்கள் தேவை. தனியார் நிறுவனங்களிலும் உண்டு. ஆனால் குறியிடும் வேலை பல இடங்களில் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்ற கூலி. தொடக்கத்துக்குச் சரி. ஓராண்டுக்குள் வழிகாட்டு நெறிகளை எழுதுகிறவராகவோ தரம் பார்ப்பவராகவோ மேலே ஏறப் பாருங்கள். அதற்குத்தான் அந்தப் பைத்தான்.

அகராதி வேலை சிறிய உலகம், ஆனால் சுவையான உலகம். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924இலிருந்து 1936 வரை வெளிவந்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தபோது, இன்று புழங்கும் தமிழைத் தரவாக வைத்து அகராதி செய்யலாம் என்று காட்டியது. அரசின் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் சென்னையில் இருக்கிறது. பதிப்பகங்களில் மெய்ப்புத் திருத்துநராக, பிரதி மேம்படுத்துநராகச் சேர்ந்து இந்தப் பக்கம் வந்தவர்களும் உண்டு.

வெளிநாட்டவருக்கும் வேற்று மாநிலத்தவருக்கும் தமிழ் கற்பிப்பது இன்னொரு வழி. அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் மதுரையில் தமிழ் வகுப்பு நடத்துகிறது, மைசூர் நிறுவனத்தின் மண்டல மையமும் கற்பிக்கிறது. 'நாம்', 'நாங்கள்' வேறுபாட்டையும், 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் எழுவாய் ஏன் 'நான்' இல்லை என்பதையும் விளக்கத் தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு. இணையவழியில் தனியாகப் பாடம் எடுத்துச் சம்பாதிப்பவர்களும் இருக்கிறார்கள்.

பேச்சுச் சிகிச்சை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எம்.ஏ. மொழியியலை வைத்துக்கொண்டு பேச்சுச் சிகிச்சையாளர் ஆக முடியாது. அது தனிப் படிப்பு: பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு, பிறகு பயிற்சியோடு சேர்த்து நாலாண்டு இளங்கலை, மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு. மைசூர் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இதில் பேர்போனது. அந்த ஆசை இருந்தால் பிளஸ் ஒன்னிலேயே பாதையை மாற்றிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் போடும்போது

ஆய்வுப் படிப்போ, வெளிநாட்டு முனைவர் பட்டமோ, நிறுவன வேலையோ, மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் பேசுவது நீங்கள் செய்து முடித்த ஒரு சின்ன ஆய்வு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முனைவர் படிப்புக்கு உதவித்தொகையோடு எடுப்பது வழக்கம். எழுத்து மாதிரி ஒன்றைக் கட்டாயம் கேட்பார்கள். தலைப்பு பெரிதாக இருக்க வேண்டாம். 'தமிழில் வினைச்சொற்கள்' என்று முப்பது பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். 'குழந்தைகளிடம் பேசும்போது வரும் ஆம்' என்று எட்டுப் பக்கம், நாற்பது எடுத்துக்காட்டு, ஒவ்வொன்றும் எங்கே யார் பேசியது என்ற குறிப்போடு எழுதுங்கள். சேராத எடுத்துக்காட்டுகளை மறைக்காமல் கடைசியில் தனியாக வையுங்கள். படிக்கிற பேராசிரியர் நேராக அந்தப் பக்கத்துக்குத்தான் போவார்.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். கேட்கும்போது அந்த எட்டுப் பக்கத்தையும் கூடவே அனுப்புங்கள், இல்லாவிட்டால் 'ஒழுக்கமான மாணவர்' என்ற ஒரே வரியில் கடிதம் முடிந்துவிடும்.